பாவம், பச்சைப் பிள்ளை!

ஹைதராபாத் பேகம்பேட்டில், பழைய விமான நிலையத்தின் அருகே, நூறாண்டைத் தாண்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள அதற்கு சர் ரொனால்டு ராஸின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். செகந்தராபாத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ராஸ், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றுச் சுவரில் வளர்வதை முதன்முதலாகப் பார்த்த நாள் 1897 ஆகஸ்ட் 20. அந்தக் கொசுவுக்கு ரத்தம் கொடுத்தவர் ஹுசேன் கான் என்ற நோயாளி. தன்னைக் கடிக்கவிட்ட கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கூலி. ராஸுக்கு 1902-ல் நோபல் பரிசு.

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று அர்த்தம். சதுப்பு நிலத்தின் காற்றையும் மண்ணின் வாகையும் பழி சொல்லியே மருத்துவர்கள் பல நூற்றாண்டுகளை ஓட்டியிருந்தார்கள். பேகம்பேட்டில் தெரியவந்த உண்மை வேறு. காய்ச்சலில் கிடப்பவன் அதை விரும்பி வாங்கிக்கொள்ளவில்லை. அது வெளியிலிருந்து வந்து அவன் ரத்தத்தில் குடியேறியது. குணமாக்கும் கொய்னாவும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். 'எழுந்து நட' என்று அதட்டினால் காய்ச்சல் இறங்காது.

கிறிஸ்தவ உலகம் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகப் போட்ட மிகப் பெரிய சண்டையைப் புரிந்துகொள்ள இந்தக் கட்டில் நோயாளியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மனிதனின் பாவம் எங்கிருந்து வந்தது? அவனே பிறப்பித்ததா, பிறப்போடு வந்ததா? அவன் தன் பலத்தில் எழுந்து நடக்க முடியுமா? வைத்தியர் எல்லோருக்கும் மருந்து தருகிறாரா, சிலரை மட்டும் முன்கூட்டியே பொறுக்கி வைத்திருக்கிறாரா? முதல் கேள்விக்கு ஜென்ம பாவம் என்று பெயர். இரண்டாவது மனிதனின் சுயாதீனம். மூன்றாவது முன்குறித்தல். மருந்தின் பெயர் கத்தோலிக்கர்களுக்கு அருள், புராட்டஸ்டன்டுகளுக்குக் கிருபை.

வேலையற்ற பாதிரிமார்கள் பொழுதைப் போக்க எழுப்பிய கேள்விகளாக இவை தோன்றக்கூடும். ஆனால் இவற்றுக்குக் கிடைத்த பதிலை வைத்துத்தான், பிறந்து சில மணி நேரத்தில் இறந்துபோன ஒரு சிசுவை எங்கே புதைப்பது என்று பல நூற்றாண்டுகள் முடிவு செய்தார்கள்.

சண்டை தொடங்கியது ஐந்தாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில். ஒரு பக்கம், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஹிப்போ நகரின் ஆயர் அகஸ்டின். இளமையில் மனம் போன போக்கில் வாழ்ந்து, திருந்த நினைத்தும் திருந்த முடியாமல் தவித்தவர். எதிர்ப் பக்கம், பிரிட்டனிலிருந்து ரோமாபுரிக்கு வந்த துறவி பெலாஜியஸ். கட்டுப்பாடான வாழ்க்கை; ஒழுக்கத்தில் விட்டுக்கொடுக்காதவர். கடவுள் இடும் கட்டளையை நிறைவேற்றும் சக்தியையும் கடவுளே தந்தாக வேண்டும் என்ற பொருள்பட அகஸ்டின் எழுதியிருந்ததை ஒருவர் வாசித்துக் காட்டியபோது பெலாஜியஸுக்குக் கோபம் வந்துவிட்டது. முடியாத காரியத்தைச் செய்யச் சொல்லிக் கடவுள் கட்டளையிடுவாரா? 'என்னால் முடியாது, அவர்தான் தூக்கிவிட வேண்டும்' என்பது சோம்பேறியின் சாக்கு என்று அவருக்குப் பட்டது.

கேட்பதற்கு பெலாஜியஸ் கட்சி நியாயமாகத்தான் இருக்கிறது. பரீட்சையில் தோற்ற மகனிடம் 'மனசு வைத்தால் முடியும்டா' என்று சொல்லும் ஒவ்வொரு தகப்பனும் பெலாஜியஸ்தான். ஆனால் மனசு வைத்தும் முடியாதவர்கள் இருக்கிறார்கள். காலையில் சத்தியம் செய்துவிட்டு மாலையில் சாராயக்கடை வாசலில் நிற்பவனுக்கு பெலாஜியஸின் உபதேசம் இன்னொரு சவுக்கடி. அகஸ்டின் அவனை அறிவார். மனம் என்பதே உடைந்துபோன எலும்பு. உடைந்த காலையே ஊன்றி எப்படி எழுந்திருப்பது என்பது அவருடைய கேள்வி. இந்த வாதத்தில் கருணை அகஸ்டின் பக்கம் இருந்தது. 418-ல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸின் கருத்துகளைத் தள்ளினார்கள்.

தீர்ப்பு வந்த கையோடு ஒரு சங்கடமும் வந்தது. ஆதாமின் பாவத்தில் எல்லா மனிதருக்கும் பங்கு உண்டு, ஞானஸ்நானமே அதைக் கழுவும் என்றால், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையின் கதி என்ன? தன் தர்க்கத்துக்கு உண்மையாக இருந்த அகஸ்டின், அதுவும் தண்டனைக்குரியதே என்றார். சொன்ன பிறகு அவருக்கே தாங்கவில்லை போலிருக்கிறது. இருப்பதிலேயே மிக லேசான தண்டனையாக இருக்கும் என்று சேர்த்துக்கொண்டார். பெலாஜியஸிடம் இதே கேள்வி போனபோது, அந்தக் குழந்தைகள் எங்கே போகமாட்டார்கள் என்பது தெரியும், எங்கே போவார்கள் என்பது தெரியாது என்ற மாதிரி அவர் மழுப்பியதாக அகஸ்டின் எழுதியிருக்கிறார். கச்சை கட்டிக்கொண்டு நின்ற இரு பயில்வான்களும் ஒரு தொட்டிலுக்கு முன்னால் தடுமாறினார்கள்.

இந்த விவகாரத்தில் மொழிபெயர்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு. புனித பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம், ஐந்தாம் அதிகாரம், பன்னிரண்டாம் வசனம். கிரேக்க மூலத்தில் 'எல்லோரும் பாவம் செய்ததனால்' மரணம் பரவியது என்று பொருள்படும் ஒரு சின்னஞ்சிறு இணைப்பு, லத்தீனில் 'எவனுக்குள்' என்று படிக்கும்படி அமைந்துவிட்டது. 'ஆதாமுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள்' என்று அகஸ்டின் அதை எடுத்துக்கொண்டார். பிறப்பதற்கு முன்பே நாம் அனைவரும் அங்கே இருந்து குற்றத்தில் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிட்டது. ஜென்ம பாவக் கொள்கை முழுவதும் இந்த ஒரு வசனத்தின் மேல் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் கிரேக்க மொழியிலேயே படித்த கீழைத் திருச்சபைகள் ஆதாமிடமிருந்து மரணத்தையும் பலவீனத்தையும் வாரிசாகப் பெற்றோம் என்றார்களே தவிர, குற்றத்தைப் பெற்றோம் என்று சொல்லவில்லை. ஹுசேன் கானின் ரத்தத்தில் கிருமி இருந்தது. அதற்காக யாரும் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. நோய் பரவலாம், குற்றம் பரவுமா என்ற இடத்தில்தான் கிழக்கும் மேற்கும் பிரிந்தன. பழைய தமிழ் வேதாகமமும் இந்த வசனத்தை கிரேக்கத்தை ஒட்டி 'ஆனபடியால்' என்ற தொனியிலேயே தருகிறது.

மத்திய காலத்தில் மேற்கத்திய அறிஞர்கள் ஒரு சமரசம் கண்டார்கள். ஞானஸ்நானம் பெறாத சிசுக்களுக்கு மோட்சமும் இல்லை, நரக வேதனையும் இல்லை. 'லிம்போ' என்ற விளிம்பில் இருப்பார்கள். இதை திருச்சபை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கவில்லை. ஆனால் வழக்கத்துக்கு வந்துவிட்ட ஒன்று சட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. 1917-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு கூடாது என்றது. அயர்லாந்தில் இத்தகைய சிசுக்களைப் புனிதப்படுத்திய மண்ணில் புதைக்காமல், கைவிடப்பட்ட பழைய மடங்களின் ஓரத்திலும் வயல் வரப்பிலும் கடற்கரையிலும் புதைத்தார்கள். 'கில்லீன்' என்று அந்த இடங்களுக்குப் பெயர். தலைமாட்டில் பெயரில்லாத ஒரு கல் மட்டும் இருக்கும்.

இதற்கிடையில் ஐரோப்பா மறுபடியும் இதே கேள்விகளுக்காக இரண்டாக, நான்காகப் பிளந்தது. மனிதனுக்குச் சுயாதீனம் உண்டு என்று எராஸ்மஸ் 1524-ல் எழுத, அது அடிமைப்பட்டுக் கிடக்கிறது என்று லூதர் அடுத்த ஆண்டே பதில் எழுதினார். ஜெனீவாவில் கால்வின் இன்னும் ஒரு படி மேலே போனார்: யாருக்கு வாழ்வு, யாருக்கு அழிவு என்பதைக் கடவுள் உலகம் தோன்றுமுன்பே முடிவு செய்துவிட்டார். ஹாலந்தில் ஆர்மீனியஸ் என்ற பேராசிரியர் இதை மறுத்தார். அவருடைய சீடர்களை 1618-19-ல் டோர்ட் நகரில் கூடிய மாநாடு கண்டித்தது. அப்படி இறுக்கமான டோர்ட் மாநாடும் ஓரிடத்தில் இளகியது. சிறு வயதில் இறந்த தம் பிள்ளைகள் தெரிந்தெடுக்கப்பட்டவர்களே என்பதில் பக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்பட வேண்டாம் என்று ஒரு தனிப் பிரிவு எழுதி வைத்தார்கள். கணக்கில் கறாரான அந்தக் கனவான்களும் தொட்டிலைத் தாண்டிப் போக முடியவில்லை.

கத்தோலிக்கர்களுக்குள்ளும் யுத்தம் நடந்தது. மனிதனின் சம்மதத்துக்கு இடம் விட்டு மொலினா என்ற ஸ்பானிய ஏசு சபைக் குரு 1588-ல் ஒரு நூலை வெளியிட்டார். அருள் தானாகவே வெல்லும், சம்மதத்தையும் அதுவே உண்டாக்கும் என்று டொமினிக்கன் சபையார் எதிர்த்தார்கள். ரோமில் ஆண்டுக்கணக்கில் விசாரணை. கடைசியில் 1607-ல் போப் ஐந்தாம் பால் இரு தரப்பையும் வீட்டுக்கு அனுப்பினார். அவரவர் கருத்தை அவரவர் வைத்துக்கொள்ளலாம், எதிராளியைப் பதிதன் என்று ஏசக் கூடாது, தீர்ப்பு உரிய காலத்தில் வரும் என்றார். அந்தத் தீர்ப்பு இன்று வரை வரவில்லை.

ரோமில் இந்த வாதம் முடிவதற்கு ஓராண்டு முன்னால், 1606-ல், அதே ஏசு சபையைச் சேர்ந்த இத்தாலிய இளைஞர் ஒருவர் மதுரைக்கு வந்து சேர்ந்தார். ராபர்ட் டி நொபிலி; தமிழர் வைத்த பெயர் தத்துவ போதகர். ஐரோப்பாவில் எல்லோரும் லத்தீனில் சண்டை போட்டார்கள் என்றால், நொபிலிக்கு முதல் வேலை சண்டைக்கான சொற்களைத் தமிழில் தேடுவது. கோயில், வேதம், பூசை, குரு என்று ஊரில் புழங்கிய சொற்களையே எடுத்துக்கொண்டார். லத்தீன் 'கிராசியா'வுக்கு அருள், பிரசாதம் என்ற சொற்கள் கிடைத்தன. சைவமும் வைணவமும் ஆயிரம் ஆண்டு கண்ணீர் விட்டு ஈரமாக்கி வைத்திருந்த சொல் அருள். பின்னாளில் கத்தோலிக்கர் ஜெபத்தில் பிரியதத்தம் என்றும் வரப்பிரசாதம் என்றும் சொன்னார்கள். புராட்டஸ்டன்டுகள் கிருபை என்றார்கள். இன்று ஒருவர் பேச்சில் 'அருள்' வருகிறதா 'கிருபை' வருகிறதா என்று பார்த்து, அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று சொல்லிவிடலாம்.

பாவம் பற்றிய சொற்கள் அவ்வளவு எளிதில் மசியவில்லை. 'ஜென்ம பாவம்' என்றதும் தமிழ்க் காது 'போன ஜென்மத்துப் பாவம்' என்று கேட்கிறது. கிறிஸ்தவக் கொள்கையிலோ போன ஜென்மமே கிடையாது. மறுபிறவியை மறுத்து நொபிலி தனி நூலே எழுதினார். 'முன்குறித்தல்' என்றால் தலையெழுத்து என்று பட்டுவிடுகிறது. தலையெழுத்து நம்மூரில் யாரும் யாரையும் கேள்வி கேட்காத எழுத்து. முன்குறித்தலிலோ ஒருவர் பார்த்து, விரும்பி, பெயர் சொல்லி அழைக்கிறார். ஊழ், வினை, விதி என்று ஒரு பெட்டி நிறையச் சொல் வைத்திருந்த மொழிக்கு, இந்தப் புதுச் சரக்கு எந்த அறையில் வைப்பது என்று தெரியாத பண்டமாக இருந்தது.

ஆனால் சண்டை புதிதாக இருக்கவில்லை. திருக்குறளில் 38-ம் அதிகாரம் ஊழ். 62-ம் அதிகாரம் ஆள்வினை உடைமை. ஒன்று விதியை வெல்ல முடியாது என்கிறது, மற்றது முயற்சியால் விதியையும் புறமுதுகிடச் செய்யலாம் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் வள்ளுவர் சமாதானம் எதுவும் எழுதி வைக்கவில்லை. வைணவத்திலோ இந்த வழக்கு இரண்டு கலைகளாகவே பிரிந்து நின்றது. பிள்ளை லோகாசாரியார் வழி வந்த தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினார்கள்: குட்டி சும்மா கிடக்கிறது, தாய் கவ்விக்கொண்டு போகிறது. வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார் குரங்குக் குட்டியைக் காட்டினார்கள்: தாய் தாவுகிறது, குட்டி பிடித்துக்கொள்ள வேண்டும். லூதரையும் எராஸ்மஸையும் ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் உட்காரவைத்திருந்தால் அரை மணி நேரத்தில் யார் எந்தக் கலை என்று தெரிந்திருக்கும். ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்த ஒற்றுமையைக் கண்டு வியந்து, இந்தியாவின் அருள் நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930-ல் ஒரு நூல் எழுதினார்.

ஒற்றுமையை விட அழகான வேற்றுமை ஒன்று இதில் உண்டு. லத்தீன் உலகத்தின் உவமைகள் நீதிமன்றத்திலிருந்து வந்தவை: கடன், குற்றம், தண்டனை, விடுதலை. தமிழ் உவமைகள் இரண்டிலும் இருப்பது ஒரு தாயும் ஒரு குட்டியும். யார் யாரைப் பிடிப்பது என்பதில்தான் தகராறு. தாய் குட்டியைக் கீழே போட்டுவிடுவாள் என்று இரு கலையாரில் எவரும் உவமை சொல்லவில்லை. முக்திக்குத் தகுதியே இல்லாத, என்றென்றும் இருளுக்கே உரிய ஆன்மாக்கள் உண்டு என்று உடுப்பியில் மத்வர் போதித்தது உண்டுதான். ஆனால் தமிழ் வைணவத்தில் அது வேர் பிடிக்கவில்லை.

இந்த மண்ணில்தான் 1827-ல் திருநெல்வேலிச் சீமையில் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை பிறந்தார். வைணவக் குடும்பம், கம்பனில் ஊறியவர். 1858-ல் கிறிஸ்தவரானார். கால்வினின் வழிவந்த ஆங்கிலேயர் ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை 1894-ல் வெளியிட்டார். பனியனின் பயணி முதுகில் சுமக்கும் மூட்டை பாவம். அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு கம்பன் நடையில் ஒரு தமிழன் நடந்துபோவதை அந்த நூலில் காணலாம்.

தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த லூத்தரன் பாதிரியார் சீகன்பால்குக்கு வேறொரு சிக்கல். மனித சுபாவம் முழுக்கக் கெட்டுவிட்டது, கிருபை ஒன்றே வழி என்று கற்பிக்கப்பட்டவர் அவர். கப்பலை விட்டு இறங்கியவர் கையில் கொன்றை வேந்தனும் உலக நீதியும் நீதி வெண்பாவும் வந்து விழுந்தன. கெட்டுப்போன சுபாவம் இவ்வளவு நல்ல புத்திமதி சொல்லுமா? 1708-ல் அவர் அந்த மூன்றையும் ஜெர்மன் மொழியில் மொழிபெயர்த்தார். கோட்பாடு எப்படியிருந்தாலும், மொழிபெயர்ப்பாளனின் கை நல்ல வாக்கியத்தைத் தாண்டிப் போவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஏடுகளில் நடந்தது. தெருவில் நடந்தது கசப்பான கதை. பிறப்பிலேயே குற்றம் என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டுக்கு யாரும் கப்பலில் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. இன்ன தெருவில் பிறந்தவன் தீட்டு என்று விதித்து வைத்திருந்த சமூகம் இது. நியாயப்படி பார்த்தால், 'எல்லோரும் பாவிகள், ஒருவனும் விலக்கில்லை' என்ற கிறிஸ்தவக் கோட்பாடு இங்கே ஒரு வெடிகுண்டாக இருந்திருக்க வேண்டும். அக்ரகாரத்துக் குழந்தையும் சேரிக் குழந்தையும் ஒரே பாவத்தில் பிறந்து, ஒரே தண்ணீரில் கழுவப்படுகின்றன என்பதை விடப் பெரிய சமத்துவம் எது?

வெடிகுண்டு ஈரத்தில் நமத்துப் போயிற்று. மறுபிறவியை வாதத்தால் தகர்த்த நொபிலி, சாதி ஆசாரத்தை அப்படியே விட்டுவைத்தார். உயர் சாதியாருக்கு சந்நியாசக் கோலத்தில் ஒரு குரு, மற்றவர்களுக்கு 1640 முதல் பண்டாரசாமி என்று மதுரை மிஷன் இரண்டு வழி வைத்துக்கொண்டது. புராட்டஸ்டன்டு சபைகளில் சாதிப் பிரிவினையை ஒழிக்க வேண்டும் என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833-ல் ஆணை பிறப்பித்தபோது தஞ்சையிலும் சென்னையிலும் கிளர்ச்சி எழுந்தது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே ஒரு சுவரே எழுந்து நின்றது. பீடம் ஒன்று, மக்கள் கூடும் பகுதி இரண்டு. 1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. ஒரே ஜென்ம பாவத்தில் பிறந்தவர்கள் என்று ஞாயிறுதோறும் ஒப்புக்கொண்டவர்கள், பாவத்தில் சமமாக இருக்கச் சம்மதித்து, உட்காரும் இடத்தில் சம்மதிக்கவில்லை.

தெரிந்தெடுத்தல் என்ற சொல்லும் அப்படித்தான் திரிந்தது. 'நாங்கள் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள்' என்பதில் 'நீங்கள் அல்ல' என்பதும் அடங்கியிருக்கிறது. அதைத் திருப்பிப்போட்டுப் படித்தவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். கால்வினியப் பாரம்பரியம் கொண்ட ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாகக் காஞ்சிபுரத்தில் பணியாற்றிய லெஸ்லி நியூபிகின், 1947-ல் மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்தின் பேராயரானார். தெரிந்தெடுக்கப்படுவது சலுகை பெறுவதற்கல்ல, பிறருக்காகச் சுமை தூக்குவதற்கு என்பது அவர் பல நூல்களில் வலியுறுத்திய கருத்து. தபால்காரனைத் தெரிந்தெடுப்பது கடிதத்தை அவனே வைத்துக்கொள்வதற்கா?

நியூபிகினைப் பேராயராக்கிய தென்னிந்தியத் திருச்சபையின் பிறப்பே இந்தப் பழைய வழக்குக்கு ஓர் அடிக்குறிப்பு. 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை. அதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர், திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லில் பேராயராக இருந்த வி.எஸ். அசரியா. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். 1945-ல் அவர் காலமானார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சபைகள் இணைந்தன.

சேர்ந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் ஆச்சரியம். முன்குறித்தலைத் தம் விசுவாச அறிக்கையில் பொறித்திருந்த பிரஸ்பிடேரியன் மரபினர் ஒரு பக்கம். கிருபை எல்லோருக்கும் இலவசம், ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில் என்று 18-ம் நூற்றாண்டில் முன்குறித்தலை எதிர்த்து முழங்கிய ஜான் வெஸ்லியின் மெத்தடிஸ்டுகள் மறுபக்கம். வெஸ்லியும் கால்வினியரான அவர் நண்பர் விட்ஃபீல்டும் இதற்காகவே பிரிந்தவர்கள். ஹைதராபாத்தும் செகந்தராபாத்தும் அடங்கிய மேதக் திருமண்டலம் வெஸ்லியன் மிஷனரிகள் வளர்த்தது. இந்த இரண்டு தரப்பும் ஒரே மேசையில் அப்பம் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தன. இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சில் பெரிய முட்டுக்கட்டை பேராயர் பதவியும் குருப்பட்டமும்தான். புதிய சபை வேதாகமத்தையும் இரண்டு தொன்மையான விசுவாசப் பிரமாணங்களையும் அடிப்படையாக வைத்துக்கொண்டது. முன்குறித்தல் வழக்கில் தீர்ப்பு எழுத அது முற்படவில்லை.

உலக அளவிலும் இதே காட்சி. கிருபையால் மனிதன் நீதிமானாக்கப்படுவது பற்றி லூத்தரன் உலக சம்மேளனமும் வத்திகானும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. மெத்தடிஸ்டுகள் 2006-லும், கால்வின் மரபுச் சபைகள் 2017-லும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வேறுபாடுகளும் தீர்ந்தன என்று அந்தப் பிரகடனம் சொல்லவில்லை; ஒருவரையொருவர் சபிக்க அவை போதாது என்றது.

1607, 1947, 1999. மூன்று முறையும் புத்திசாலித்தனம் தீர்ப்பை ஒத்திவைத்ததில்தான் இருந்தது. ஆனால் ஒத்திவைப்பது பண்டிதர்களுக்குக் கட்டுப்படியாகும். குழி வெட்டுகிறவனுக்குக் கட்டுப்படியாகாது. விடியற்காலையில் ஒரு தகப்பன் துணியில் சுற்றிய சிறு உடலோடு வந்து நின்றால், வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்று அவன் அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். ரோமில் 'பிறகு பார்க்கலாம்' என்றது கல்லறைத் தோட்டத்தில் 'வெளியே' என்று ஆயிற்று. தாய்மார்கள் தவித்த தவிப்பு எந்த மாநாட்டு நடவடிக்கைக் குறிப்பிலும் ஏறவில்லை. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும், கிறிஸ்தவர் அல்லாத மருத்துவச்சியும்கூட, ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபை வைத்திருக்கும் விதிக்குப் பின்னால் இருப்பது இந்தத் தவிப்புதான். எப்படியாவது குழந்தையை வேலிக்கு உள்ளே இழுத்துப் போட்டுவிட வேண்டும்.

சட்டம் மெல்ல இளகியது. 1983-ல் வந்த புதிய தொகுப்பு, ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து அதற்குள் இறந்த குழந்தைக்கு, ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்றது. 2007 ஏப்ரலில் போப் பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு வத்திகானின் இறையியல் குழு ஓர் அறிக்கையை வெளியிட்டது. லிம்போ பற்றிய பழைய கருத்து கடவுளின் இரக்கத்தை மிகவும் குறுக்கிவிடுகிறது. இந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லவில்லை, நம்பலாம் என்றது. அகஸ்டினின் காலத்திலிருந்து அந்த ஒரு சொல்லை எட்டிப் பிடிக்க ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள்.

தமிழ்ப் பாட்டிமார்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. நல்லவேளையாகவோ தற்செயலாகவோ, பாவம் என்ற சொல்லை இந்த மொழி இரண்டு பொருளில் வைத்திருக்கிறது. கொலை செய்தவன் செய்தது பாவம். காய்ச்சலில் துடிக்கும் குழந்தையைப் பார்த்தும் 'ஐயோ, பாவம்' என்கிறோம். பேகம்பேட்டின் தெலுங்குத் தெருக்களிலும் 'அய்யோ பாபம்' என்றுதான் நாக்கைத் தட்டுகிறார்கள். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல். அதை எந்த இடத்தில் எந்தப் பொருளில் சொல்வது என்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கண் திறக்காமலே போய்விட்ட ஒரு சிசுவின் முன் நின்று 'பாவம்' என்று சொல்கிறவள், அதன் மேல் குற்றம் சுமத்துவதாக இதுவரை எந்தத் தமிழனும் புரிந்துகொண்டதில்லை.